பல்வேர்த் துளையை அடைக்கும் சிமெண்டுகள்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர் சிகிச்சையின்போது பல்லின் வேரிலோ, வேர்கள் பிரியும் கவட்டைப் பகுதியிலோ தவறுதலாகத் துளை விழுந்துவிட்டால், அதை அடைக்க எம்.டி.ஏ. (மினரல் டிரைஆக்சைடு அக்ரிகேட்) சிறந்ததா, பயோடென்டின் என்ற மற்றொரு பல்மருத்துவச் சிமெண்ட் சிறந்ததா என்ற கேள்வி உடனே எழுகிறது. துளை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. எலும்பால் சூழப்பட்ட துளையில் இவ்விரண்டும் நன்றாக வேலை செய்யும். இறுகுவதற்கே இவற்றுக்கு ஈரம் வேண்டும் என்பதால் அங்குள்ள ஈரக்கசிவு இவற்றுக்குப் பெரிய தடையில்லை. ஆனால் ஈறு விளிம்புக்கு மேலே, உமிழ்நீரும் பல்துலக்கியும் தொடும் இடத்தில் எம்.டி.ஏ.வை வைத்தால் அது நாளடைவில் அரித்துப் போகும். அங்கே ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் என்ற, பல்லோடு ஒட்டும் நிரப்புப் பொருளே ஏற்றது.

இறுகும் நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பதும் பரவலான பழக்கம். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் உருவாக்கிய எம்.டி.ஏ., அவர்களது 1995ஆம் ஆண்டு அளவீட்டின்படி, இறுகுவதற்கு ஏறத்தாழ 2 மணி 45 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. கால்சியம் குளோரைடு சேர்ந்த திரவத்துடன் கலக்கப்படும் பயோடென்டினுக்கு ஏறக்குறைய 12 நிமிடங்கள் போதும் என்கிறது அதன் தயாரிப்பாளரான செப்டோடோன்ட். ஒரே அமர்வில் மேல்நிரப்பையும் முடிக்க விரும்புவோருக்கு இந்த வேறுபாடு முக்கியம்தான். எனினும் அந்த 12 நிமிடம் தொடக்க இறுக்கத்தை மட்டுமே குறிக்கிறது. உள்ளே நீருடன் சேர்ந்து இறுகும் நீரேற்ற வினை அதன்பிறகும் பல நாட்கள் தொடரும் என்பதை மறந்து, உடனே அமிலம் தடவி ரெசின் நிரப்பை அதன்மேல் ஒட்டினால் சிமெண்டின் மேற்பரப்பு பலவீனமாகும்.

நிறமாற்றத்தில்தான் மிகுதியான குழப்பம் நிலவுகிறது. சாம்பல் நிற எம்.டி.ஏ. பல்லைக் கறுக்கச் செய்கிறது என்பதால் வெள்ளை எம்.டி.ஏ. வந்தது; வெள்ளையாயிற்றே, முன்பல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள். இரும்புச் சேர்மங்கள் குறைந்தாலும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கப்பட்ட பிஸ்மத் ஆக்சைடு அதிலும் இருக்கிறது. வேர்க்குழாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டின் எச்சம் பட்டால் அது கரும்பழுப்பாக மாறும். பயோடென்டினில் அதற்குப் பதிலாக சிர்கோனியம் ஆக்சைடு இருப்பதால் முன்பல்லில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதே காரணத்தால் எக்ஸ்ரேயில் அது மங்கலாகத் தெரிகிறது. அடைப்பு சரியாக விழவில்லை என்று தவறாகப் படிக்கவும் இடமுண்டு. இறுகுவதற்கு முன் இரத்தம் ஊறினால் இவற்றில் எதுவும் நிறம் மாறலாம்.

ஆய்வகத்தில் பெறப்பட்ட எண்களையும் அப்படியே வாய்க்குள் கொண்டுவரக் கூடாது. பிடுங்கிய பற்களில் சாயம் கசியும் தூரத்தை அளந்து சிமெண்டுகளை வரிசைப்படுத்திய ஆய்வுகள் ஏராளம் உண்டு. அவற்றின் முடிவுகள் சிகிச்சையின் வெற்றியோடு பெரிதாகப் பொருந்தவில்லை. அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் பயோடென்டின் முந்துகிறது என்பது உண்மையே, ஆனால் எலும்புக்குள் இருக்கும் வேர்த்துளையில் மெல்லும் விசை நேரடியாக விழுவதில்லை; அந்த எண்ணுக்கு அங்கே, என் பார்வையில், மதிப்பு குறைவு. மாறாக, அழற்சியுள்ள திசுவின் அமிலத்தன்மை சிமெண்டின் கடினத்தைக் குறைப்பதும், வேர்க்குழாயைக் கழுவப் பயன்படுத்தி அங்கே தங்கிவிட்ட இ.டி.டி.ஏ. கரைசல் எம்.டி.ஏ.வின் நீரேற்றத்தைக் கெடுப்பதும் நடைமுறையில் முக்கியமானவை.

தோல்விக்கும் வெற்றிக்கும் சிமெண்டையே பொறுப்பாக்குவது இன்னொரு பிழை. துளையின் அளவு, இடம், அது அடைக்கப்படுவதற்குள் கழிந்த காலம் ஆகியவையே விளைவைத் தீர்மானிக்கின்றன என்று ஃபியூஸ், டிரோப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் வகைப்படுத்தினார்கள். மாதக்கணக்கில் கிருமி புகுந்த பெரிய துளையையும், விழுந்தவுடன் அடைத்த ஊசிமுனைத் துளையையும் அருகருகே வைத்துப் பொருள்களின் தரத்தைப் பேசினால் அது ஒப்பீடாகாது.

எம்.டி.ஏ.வில் ஏறத்தாழ 75 சதவீதம் போர்ட்லாண்ட் சிமெண்ட்தானே, கட்டடச் சிமெண்டையே மலிவாகப் பயன்படுத்தலாமே என்ற வாதமும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கட்டடச் சிமெண்டில் ஆர்செனிக், ஈயம் போன்றவற்றின் அளவு மருத்துவத் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்தப்படுவதில்லை. துகள்களின் அளவும் சீராக இருக்காது. எக்ஸ்ரேயிலும் தெளிவாகத் தெரியாது. விலையைக் குறைக்க விரும்பும் மருத்துவர், பிரித்த பொட்டலத்தில் மிஞ்சிய எம்.டி.ஏ. தூளை ஈரக்காற்று புகாத சிறு குப்பியில் உடனே அடைத்து வைத்தாலே கணிசமாக மிச்சமாகும்.