மொழி வேண்டாத நிலா வீடு: பெங்களூரு மொட்டை மாடியில் மாதிரி கட்டிச் சோதிப்பது எப்படி

மலையாளி ஒருவர் குழாயைக் காட்டி "வெள்ளம்" என்றால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தமிழர் காதில் அது கரை உடைத்த ஆறு. பக்கத்து மாநிலத்துச் சொல்லே இப்படிக் காலை வாரும்போது, ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு சொல்லும் புரியாத நான்கு பேரை நிலவில் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டு, சுவரில் அறிவிப்பு ஒட்டிப் பயனில்லை. கைப்பிடி, வால்வு, கதவு, விளக்கு ஒவ்வொன்றும் தன்னை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கைக்கே உணர்த்த வேண்டும். கைபேசி மொழிபெயர்ப்பை நம்பியும் வரையாதீர்கள். பூமியிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்பவே 2.6 விநாடி ஆகும்; கரண்ட் போனால் அதுவும் இல்லை.

இதைச் சோதிக்கப் பெங்களூரு நல்ல ஊர். ஒரே பீஜி விடுதியில் ஒடியா, அசாமி, தெலுங்கு, உருது, தமிழ் பேசுகிறவர்களைப் பிடித்துவிடலாம்.

அளவும் கூரையும்

நீண்ட பயணங்களுக்கு ஆளுக்குக் குறைந்தது 25 கன மீட்டர் புழங்கும் இடம் வேண்டும் என்பது நாசாவில் பயன்படும் கணக்கு. நான்கு பேருக்கு 100 கன மீட்டர். உயரம் 2.5 மீட்டர் என்றால் தரை 40 சதுர மீட்டர், சுமார் 430 சதுர அடி. மொட்டை மாடியில் மரச்சட்டமும் அட்டையும் வைத்து அசல் அளவிலேயே கட்டிவிடலாம். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் புதிதாக வந்தவர் துள்ளித் தலையை இடித்துக்கொள்வார். உத்தரத்துக்கு மெத்தை கட்டுங்கள்.

வரைபடத்தில் கூரைக்கு மேல் 2 முதல் 3 மீட்டர் நிலவு மண் போடுங்கள். கதிர்வீச்சைத் தடுக்கவும் வெப்பத்தை அடக்கவும் அதுதான் போர்வை. சந்திரயான்-3 இறங்கிய இடத்தில் சேஸ்ட் கருவி அளந்தபோது மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் காய்ந்தது. 8 சென்டிமீட்டர் ஆழத்திலோ மைனஸ் 10 டிகிரி. அத்தனை மண் ஏறினால் கூரை நசுங்காதா என்று கேட்பார்கள். 3 மீட்டர் மண் நிலவில் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கும் குறைவாகத்தான் அழுத்தும். உள்ளேயிருக்கும் காற்று சதுர மீட்டருக்குப் பத்து டன் வெளியே தள்ளும். கூரை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பார்ப்பதுதான் வேலை. காற்று இறங்கிய நிலையிலும் மண்ணைத் தாங்குமா என்பதைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

கதவு, வால்வு, சுவிட்ச்

வாசலில் இரண்டு கதவு, நடுவே காற்றை இறக்கி ஏற்றும் சிற்றறை. வெளிக்கதவும் உள்கதவும் உள்பக்கமாகவே திறக்க வேண்டும். ஒன்றரைச் சதுர மீட்டர் கதவை உள்காற்று சுமார் 15 டன் வலுவோடு சட்டத்தில் அழுத்திப் பிடிக்கும். பதற்றத்தில் யார் இழுத்தாலும் அசையாது. இருபுறமும் அழுத்தம் சமமாகும்வரை கைப்பிடியே திரும்பாதபடி பூட்டுங்கள். பக்கத்தில் எண் காட்டும் திரை வேண்டாம். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், இரண்டிலும் ஒரு சிவப்பு மிதவை. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தால் கதவு திறக்கும். கொத்தனாரின் ரசமட்டத்தைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது புரியும்.

வால்வுகளுக்குத் திருகுகுழாய் வேண்டாம்; எந்தப் பக்கம் திருகுவது என்ற தடுமாற்றம் பழகியவர்களுக்கே உண்டு. கால் சுற்றில் மூடித் திறக்கும் பந்து வால்வு (ball valve) போடுங்கள். கைப்பிடி குழாயோடு நேராகக் கிடந்தால் ஓடுகிறது, குறுக்கே நின்றால் அடைப்பு. பிளம்பர் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, பார்த்தாலே தெரிகிறது. சுவிட்சில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் கீழே தட்டினால் எரியும், அமெரிக்காவில் மேலே தட்டினால் எரியும். அமுக்கினால் உள்ளே போய் நின்று, தானே ஒளிரும் பொத்தானாக மாற்றிவிடுங்கள்.

படங்கள் தேவைப்படும் இடங்களில் வரிசையை மேலிருந்து கீழாக மட்டும் வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் உருது படித்துப் பழகியவர் வலமிருந்து தொடங்குவார். "முகமூடி போடு, பிறகு கதவைத் திற" என்பது தலைகீழாகிவிடும். டிக் குறியும் வேண்டாம்: ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம்தான் போடுவார்கள். தலையசைப்பை ஒப்புதலாக எடுக்கும் எந்த ஏற்பாடும் கூடாது. நாம் சரி என்று பக்கவாட்டில் ஆட்டுவது மற்றவருக்கு இல்லை என்று படும். வெளியே போகுமுன் விண்வெளி உடையைச் சரிபார்க்க நான்கு கொக்கியும் நான்கு வளையமும் போதும்: துணையாள் ஒன்றைப் பார்த்து முடித்ததும் ஒரு வளையத்தை மாட்டுகிறார். வெறும் கொக்கி தெரிந்தால் இன்னும் பார்க்கவில்லை.

அபாய ஒலி

தீ, காற்றழுத்தம் குறைவது, நச்சு வாயு என மூன்று ஆபத்துக்கும் மூன்று நடவடிக்கை வைத்தால் மொழி தேவைப்பட்டுவிடும். எதுவானாலும் ஒரே அறைக்கு ஓடும்படி வையுங்கள். முகமூடி, காற்று, தனிக்கதவு எல்லாம் அங்கே. ஒலிக்கு, கட்டடத்தை விட்டு வெளியேறச் சொல்லும் ஒலிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8201 முறை: அரை விநாடி ஒலி மூன்று முறை, அவற்றின் நடுவே அரை விநாடி அமைதி, மூன்றாவது ஒலிக்குப் பிறகு ஒன்றரை விநாடி இடைவெளி. அழுத்தம் குறையக் குறைய ஒலியும் மங்கும். அதனால் கட்டிலுக்கடியில் அதிர்வு மோட்டாரும் தரையில் ஓடும் விளக்கும் கட்டாயம்.

ஓடும் விளக்குக்கு, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 5 மீட்டர், 300 விளக்கு, 5 வோல்ட் எல்இடி பட்டை வாங்குங்கள். எல்லாவற்றையும் வெள்ளையாக எரித்தால் 18 ஆம்பியர் வரை இழுக்கும். மறுமுனை சிவந்து மங்கும். பத்துப் பத்தாக அறையை நோக்கி ஓடவிட்டால் ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சிவப்பு-பச்சை பிரிக்க முடியாதவர்கள் உண்டு. ஓடும் திசை எல்லாருக்கும் தெரியும்.

தூசி

நிலவில் காற்றும் நீரும் அரைக்காததால் தூசி கூராகவே இருக்கிறது. கதவு இடுக்கை அடைக்கும் சீல் (seal) ரப்பரை அரிக்கும், நுரையீரலுக்குப் போகும். செருப்பை வாசலில் விடுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது, உலகத்துக்கே அப்படி இல்லை. மருந்து ஆலைகளின் சுத்த அறையில் இருக்கும் தாண்டு பெஞ்ச் இங்கே உதவும்: 45 சென்டிமீட்டர் உயரம், வழியை முழுக்க அடைத்து. உட்கார்ந்து, காலணியை இந்தப் பக்கம் கழற்றி, காலை அந்தப் பக்கம் போட்டால்தான் உள்ளே போக முடியும். இரண்டு ஓரத்திலும் இடைவெளி விடாதீர்கள். ஒரு சாண் இருந்தாலும் சுற்றிக்கொண்டு போவார்கள். சோதனைக்கு வெளித்தரையில் அரிசி மாவு தூவி உள்ளே கறுப்புத் துணி விரியுங்கள். கல்தூளில் செய்த கோலமாவு வேண்டாம், சுவாசத்துக்கு ஆகாது. மாவுத் தடம் எதுவரை வந்தது என்பதைத் துணியே காட்டும்.

கழிப்பறையில் தண்ணீர், தாள் இரண்டும் வையுங்கள். குளிர்பெட்டியில் நம் பச்சைப் புள்ளி வெளிநாட்டவருக்குப் புரியாது. மீன், கோழி, மாடு, பன்றி படத்தையே ஒட்டுங்கள்.

சோதனை

முதலில் படங்களை மட்டும். சிவாஜிநகர், கே.ஆர். மார்க்கெட் பக்கம் வெவ்வேறு தாய்மொழிக்காரர் 40 பேரிடம் ஒவ்வொரு அட்டையாகக் காட்டி, "இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவரவர் மொழியில் கேளுங்கள். விடைகளைப் பட்டியலாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், எல்லாம் சரியாக வந்துவிடும். பாதுகாப்புப் படங்களுக்கான அமெரிக்காவின் ஆன்சி இசட்535.3 தரப்படி 100க்கு 85 பேர் புரிந்துகொள்ள வேண்டும். ஆபத்தாகத் தவறாகப் புரிந்துகொள்பவர் 5க்கு மேல் கூடாது. 40 பேரில் அது 34ம் 2ம். மூன்றாவது ஆள் தலைகீழாகச் சொன்னால் அந்தப் படத்தைக் கிழித்துப் போடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பிறகு வீடு. நான்கு பேரை அனுப்புங்கள். எல்லாருக்கும் கொஞ்சம் கன்னடமோ இந்தியோ தெரிந்திருக்கும், ஆகவே பேச்சுக்குத் தடை, கைபேசி வெளியே. குடிநீர் எடுப்பது, வெளியே போய்த் திரும்புவது, அபாய ஒலிக்கு ஓடுவது என எட்டு வேலை. செய்து காட்டாதீர்கள். கை முதலில் எதைத் தொட்டது, எத்தனை விநாடியில் என்பதை மட்டும் எழுதுங்கள். முதல் தொடுகை தவறினால் திருத்த வேண்டியது பொருளை, ஆளை அல்ல. திருத்தியபின் அதே நால்வரை அழைக்கக் கூடாது, அவர்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே 10 சென்டிமீட்டர் வெற்றுப் பட்டை விட்டு, ஒரு மெழுகுப் பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். குடியிருப்பவர்கள் தங்கள் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். நீங்கள் எதையும் முன்கூட்டி அச்சடிக்க வேண்டாம்.