ஒரு நேர்காணலை வரி வரியாக: இளநிலை உளவியல் மாணவர் பண்புசார் ஆய்வைக் கற்கும் வழி

உளவியலை இளநிலைப் பட்டத்தில் படிக்கும் ஒருவர் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் மாறிகள், கட்டுப்பாட்டுக் குழு, திட்ட விலக்கம், டி சோதனை ஆகிய அளவீடு சார்ந்த கருத்துகளோடுதான் பழகுகிறார். எண்களை அல்லாமல் மக்கள் சொல்வதையும் அதன் பொருளையும் ஆராயும் பண்புசார் ஆய்வு என்ற பகுதி அதற்குப் பிறகு வந்து, ஐந்தாறு முறைகளின் பெயர்களையும் வரையறைகளையும் மனப்பாடம் செய்வதோடு பல நேரம் முடிந்துவிடுகிறது. இந்தத் துறையை அப்படிக் கற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் சொன்னதை, அவர் சொன்ன சொற்களை விட்டு நகராமல் நிதானமாக வாசிப்பதே இதன் அடிப்படைத் திறன். ஒரே ஒரு நேர்காணலை நீங்களே நடத்தி, நீங்களே எழுத்தில் இறக்கி, வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அந்தத் திறன் கைக்கு வருகிறது.

எண்கள் இல்லாத ஆய்வு அறிவியலாகுமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. 1879-இல் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகத்தை நிறுவிய வில்ஹெல்ம் வுண்ட்டே, மொழி, தொன்மம், வழக்கம் போன்றவற்றைச் சோதனையால் மட்டும் அறிய முடியாது என்று கருதி, அவற்றை ஆராய்ந்து 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, அவர்களின் தவறான விடைகளை எண்ணிக் கணக்கிடுவதோடு நிற்காமல், மேலும் மேலும் கேள்வி கேட்டு அந்த விடைகளுக்குப் பின்னால் இருந்த சிந்தனையைத் தேடிச் சென்றார். ஆகவே இது உளவியலுக்குள் பிற்காலத்தில் புகுந்த ஒன்று அல்ல.

வேலையை ஆய்வுக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். "தேர்வில் தோற்பது தன்மதிப்பைக் குறைக்கிறதா?" என்பது அளவிட்டுச் சொல்ல வேண்டிய கேள்வி, அதற்கு நேர்காணல் பொருந்தாது. "தேர்வில் தோற்ற மாணவர்கள், அதை மற்றவர்களிடம் சொன்னதையும் சொல்லாமல் இருந்ததையும் எப்படி விவரிக்கிறார்கள்?" என்பது பண்புசார் கேள்வி, ஏனென்றால் விடை எந்த வடிவில் வரும் என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடவில்லை. கேள்வியை எழுதியவுடன், அது தன் விடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வைத்திருந்தால் மாற்றி எழுதுங்கள்.

நேர்காணலுக்கு ஆறிலிருந்து எட்டுக் கேள்விகள் போதும். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன்னை நியாயப்படுத்தத் தொடங்குவார், "முடிவு வந்த அன்றைக்கு என்னென்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டால் நிகழ்ச்சியைச் சொல்வார். அவர் பேச்சை நிறுத்தியவுடன் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவதுதான் புதியவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பேசுங்கள். அந்த இடைவெளியில் அவர் தாமாகத் தொடர்ந்து சொல்வது, பட்டியலில் உள்ள எந்தக் கேள்வியாலும் கிடைக்காத ஒன்றாக இருக்கலாம்.

முதல் பயிற்சியை எளிய தலைப்பில் வகுப்புத் தோழர் ஒருவரோடு செய்யுங்கள். இழப்பு, வன்முறை, மனநோய் போன்ற தலைப்புகளை வழிகாட்டியின் துணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் தொடக் கூடாது. எளிய தலைப்பிலும்கூட, பதிவு எதற்காக, யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும், எதுவரை அவர் விலகிக்கொள்ளலாம் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். புனைபெயர் வைத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். நாற்பது பேர் படிக்கும் துறையில், இரட்டைச் சகோதரி உள்ள மூன்றாம் ஆண்டு மாணவி என்று எழுதினாலே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

அடுத்தது எழுத்துப்படி, அதாவது பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத்தில் இறக்குவது. ஒரு மணி நேரப் பதிவுக்குப் புதியவருக்கு ஐந்தாறு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். மென்பொருளைக் கொண்டு முதல் வரைவை எடுக்கலாம். ஆனால் பாதியில் விட்ட சொல், தயக்கம், ஒருவர்மேல் ஒருவர் பேசும் இடம் ஆகியவற்றை அது எளிதில் தவறவிடும், நமக்கோ அவைதான் முக்கியம். முதல் நேர்காணலையாவது முழுவதும் கையால் செய்யுங்கள். தமிழில் பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். "சொல்லல" என்றதை "சொல்லவில்லை" என்று திருத்துவது தரவை மாற்றுவதாகும். பேச்சு எப்படி நடக்கிறது என்பதை நுணுகி ஆராயும் உரையாடல் பகுப்பாய்வுக்காக கெயில் ஜெஃபர்சன் வகுத்த குறியீட்டு முறையில் இடைவெளிகளை நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை குறிப்பார்கள். உங்களுக்கு இப்போது அவ்வளவு தேவையில்லை. நிறுத்தம், சிரிப்பு, அழுத்தம் ஆகியவற்றைக் குறித்தால் போதும்.

இனி பகுப்பாய்வு. பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு சிறு பகுதியை இங்கே வைக்கிறேன்.

"வீட்டுல சொல்லல. சொன்னா திட்டுவாங்கன்னு இல்ல... (நிறுத்தம்) ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தான் பயம். நாங்க நாலு பேருமே அப்படித்தான், பேசிக்க மாட்டோம். ஒரு பேப்பர் போச்சுன்னா நமக்குத் தூக்கம் வராதுல்ல, அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பெரும்பாலான மாணவர்கள் இதன் ஓரத்தில் முதலில் எழுதும் குறியீடு, அதாவது அந்தப் பகுதி சொல்வதைச் சுருக்கிக் குறிக்கும் சிறு பெயர் (இப்படி எழுதுவதைத்தான் வகுப்பில் கோடிங் என்கிறார்கள்), "குடும்பத்திடம் மறைத்தல்" என்பதாக இருக்கும். அது தவறில்லை, ஆனால் வெறும் தலைப்பு. தோல்வியை மறைத்த எவருடைய பேச்சுக்கும் அதை ஒட்டிவிடலாம். எழுத்துப்படியை மூடிவிட்டுக் குறியீட்டை மட்டும் வாசியுங்கள்: இந்த ஆள் சொன்னது நினைவுக்கு வருகிறதா? "திட்டைவிட மௌனத்துக்கு அஞ்சுதல்" என்று எழுதினால் வருகிறது. "பேசாமையைக் குடும்ப இயல்பாகச் சொல்லுதல்" என்பது இன்னொன்று.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது "நாங்க" என்கிறார். அதில் கேட்பவருக்கு இடமில்லை. தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது "நமக்கு" என்று மாறுகிறார். நேர்காண்பவரையும் தன் நிலைக்குள் சேர்த்துக்கொள்கிறார். வீட்டில் கிடைக்காத துணையை அந்தச் சொல்லால் இங்கே தேடுகிறார் என்று வாசிக்க இடமிருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டுக் குறியீடு எழுதியிருந்தால் இரண்டும் ஒரே சொல்லாகி, இந்த வேறுபாடு கண்ணில் பட்டே இருக்காது. அறிக்கை எந்த மொழியில் இருந்தாலும், பகுப்பாய்வைப் பேசிய மொழியிலேயே முடித்துவிட்டுத் தேவையான மேற்கோள்களை மட்டும் பிறகு பெயர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். "ஒரு பேப்பர் போச்சு" என்பதையும் கவனியுங்கள். "நான் தோத்துட்டேன்" என்று அவர் சொல்லவில்லை. பேப்பர் தானாகப் போனதாகச் சொல்கிறார்.

ஆனால் ஒரே இடத்தில் கண்ட "நமக்கு" என்ற சொல்லின்மேல் முழு விளக்கத்தையும் கட்டிவிடக் கூடாது. அதே மாற்றம் வேறு இடங்களிலும் வருகிறதா, அதற்கு மாறான இடங்கள் உண்டா என்று எழுத்துப்படி முழுவதிலும் தேடுங்கள். பொருந்தாத பகுதிகளை ஒதுக்கி வைக்காமல், விளக்கத்தை அவற்றுக்கேற்பத் திருத்துவதே இந்த வேலையின் நேர்மை.

இளநிலை மாணவர்கள் முதலில் பழக ஏற்றது கருப்பொருள் பகுப்பாய்வு, அதாவது குறியீடுகளைச் சேர்த்துப் பொதுவான கருத்துகளைக் கட்டும் முறை. விர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006-இல் இதை ஆறு கட்டங்களாக விளக்கினார்கள்: தரவோடு பழகுதல், குறியீடுகள் எழுதுதல், கருப்பொருள்களைத் தேடுதல், அவற்றைச் சரிபார்த்தல், வரையறுத்துப் பெயரிடுதல், அறிக்கை எழுதுதல். இவை படிக்கட்டுகள் அல்ல. நான்காவதில் நிற்கும்போது இரண்டாவதற்குத் திரும்பிப் போக நேரும். "பெற்றோர்", "நண்பர்கள்", "ஆசிரியர்கள்" என்று கருப்பொருள்களுக்குப் பெயர் வைத்திருந்தால் நீங்கள் நேர்காணல் கேள்விகளையே திருப்பி எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். பல குறியீடுகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு கருத்து இருக்க வேண்டும். அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். "கருப்பொருள்கள் வெளிப்பட்டன" என்றும் எழுதாதீர்கள். அவற்றை உருவாக்கியவர் நீங்கள். எப்படி உருவாக்கினீர்கள் என்பதைச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையது.

அந்தப் பொறுப்புக்காகவே ஒரு குறிப்பேடு வேண்டும். நேர்காணலுக்கு முன் "இவர் என்ன சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன்?" என்ற கேள்விக்கு அரைப்பக்கம் எழுதி, தேதியிட்டு வையுங்கள். பகுப்பாய்வு முடிந்தபின் அதை எடுத்துப் பார்த்து, உங்கள் கருப்பொருள்கள் அந்த எதிர்பார்ப்பின் நகலாகவே இருந்தால் தரவுக்குத் திரும்புங்கள்.

மற்ற முறைகளைப் படிக்கவும் அதே எழுத்துப்படியைப் பயன்படுத்துவது நல்லது. 1996-இல் ஜோனதன் ஸ்மித் முன்வைத்த அனுபவ விளக்கப் பகுப்பாய்வு, மௌனத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அனுபவம் இவருக்கு எப்படிப்பட்டது, அதற்கு இவர் என்ன பொருள் கொள்கிறார் என்று கேட்கும். சொல்லாடல் பகுப்பாய்வோ, பேச்சு என்ன செய்கிறது என்று பார்க்கும்: "திட்டுவாங்கன்னு இல்ல" என்ற மறுப்பு, பெற்றோரைக் கொடியவர்கள் என்று கேட்பவர் நினைத்துவிடாமல் தடுக்கிறது. கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் வெளியிட்ட, தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டியெழுப்பும் அடித்தளக் கோட்பாட்டு முறையில் தரவு திரட்டலும் பகுப்பாய்வும் மாறி மாறி நடக்க வேண்டும். ஒரு பருவத்துக்குள் அதை முழுமையாகச் செய்வது கடினம், ஆகவே இப்போதைக்கு வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை பேரை நேர்காண வேண்டும்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அனுபவ விளக்கப் பகுப்பாய்வுக்கு மூன்று பேர்கூடப் போதும். கருப்பொருள் பகுப்பாய்வுக்குக் கேள்வியின் அகலத்தையும் ஒவ்வொரு நேர்காணலின் ஆழத்தையும் பொறுத்தது. ஐந்து பேரை வைத்துக்கொண்டு "60 விழுக்காட்டினர் கூறினர்" என்று எழுதுவது எந்த நிலையிலும் பொருந்தாது, ஏனென்றால் அவர்களை நீங்கள் ஒரு மக்கள்தொகையின் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அறிக்கை எழுதும்போது மேற்கோளைத் தந்துவிட்டு, அதையே எழுத்து நடையில் மறுபடி சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். மேற்கோளுக்குப் பிறகு வரும் வாக்கியம், வாசகர் தாமாகக் கண்டிருக்க முடியாத ஒன்றை அந்தச் சொற்களிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். வரைவு முடிந்ததும் மேற்கோள்களுக்கு மட்டும் ஒரு நிறத்தில் கோடிட்டு, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் விளக்கம் எத்தனை வரி நிற்கிறது என்று பாருங்கள்; ஒரு வரிகூட இல்லாத இடங்களில் எழுத்துப்படியைத் திறந்து, அந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.