நாற்காலியை மாற்றும் முன் லேப்டாப்பைப் பாருங்கள்

கழுத்து வலி வந்ததும் பலர் முதலில் செய்வது, பத்தாயிரம் பதினைந்தாயிரம் கொடுத்து ஒரு சுழல் நாற்காலி வாங்குவது. லேப்டாப் மட்டும் பழையபடி மேசைமேல் தட்டையாகவே கிடக்கும். வலியும் போகாது.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வாகாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு நேராகத் தூக்கினால் தோள் உயரும். தலையின் எடையே ஏறத்தாழ 5 கிலோ. அது முன்னால் சாயச் சாய, இழுத்துப் பிடிக்கும் கழுத்துத் தசைகளுக்குப் பளு கூடிக்கொண்டே போகும். அதனால் தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிவிட்டு, லேப்டாப்பைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள். படித்து முடித்த போட்டித் தேர்வு கைடுகள் இதற்கு அருமையாக உதவும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருந்தால் சரி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகவே உதவும் பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறவர்கள் மட்டும் இன்னும் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கியே உட்கார்ந்திருப்பார்கள்.

சாப்பாட்டு மேசை சுமார் 75 செ.மீ. உயரம். சாப்பிடச் சரி, டைப் அடிக்கப் பலருக்கும் அதிகம். குஷன் போட்டு உயர்ந்துகொண்டால் கால் தொங்கும். பாதத்துக்குக் கீழே ஒரு மணையைப் போடுங்கள். கீபோர்டின் பின்பக்கம் உள்ள குட்டிக் கால்களையும் மடக்கிவிடுங்கள். அவை மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கின்றன.

விரல் மரத்துப்போனால் உடனே ‘கார்ப்பல் டனல்’ (மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கோளாறு) என்று தாமாகவே முடிவுகட்டி மணிக்கட்டுப் பட்டை வாங்குவது இன்னொரு தவறு. அந்தக் கோளாறு என்றால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரக்கும். பெரும்பாலும் இரவில் அதிகமாக இருக்கும். சுண்டுவிரல் மரத்தால் சந்தேகம் முழங்கைமேல் திரும்ப வேண்டும். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றியே வேலை பார்க்கிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள். மரத்தல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, பிடித்த பொருள் கை நழுவி விழுந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அப்புறம், திரையின் நீல ஒளியைத் தடுத்துக் கண் சோர்வைக் குறைக்கும் என்று விற்கிற கண்ணாடி. கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அது மேல் என்று கண்டறியவில்லை. கண் எரிய முக்கியக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்ட மறப்பதுதான். வழக்கமாக நிமிடத்துக்கு 15 முறைபோல சிமிட்டுகிற கண், அப்போது அதில் பாதிகூடச் சிமிட்டாமல் இருக்கலாம். அதோடு ஃபேன் காற்றோ ஏசி காற்றோ நேரே முகத்தில் அடித்தால் கண் காய்ந்தே போகும். காற்றின் திசையை மாற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மொட்டை மாடி போதும்.

முதுகை விறைப்பாக 90 டிகிரியில் நிமிர்த்தி வைக்கச் சொல்லும் பள்ளிக்கூட அறிவுரையையும் விட்டுவிடலாம். சாய்மானத்தில் முதுகை நன்றாகக் கொடுத்துச் சற்றே பின்னால் சாய்ந்திருப்பது இடுப்புக்குச் சுகம். ஆனால் எந்த நிலையிலும் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் வலிக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். அலாரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருக்கிற ஆளாக இருந்தால், பெரிய தண்ணீர் பாட்டிலை மேசையிலிருந்து அகற்றிவிட்டுச் சின்ன டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள். அதை நிரப்பவாவது எழுந்தாக வேண்டும்.