ஊசி போட்ட மாட்டிலும் வைரஸ் படுத்திருக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தைக் குளிரில் வைக்காதது, காலாவதி தேதி பார்க்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதிதாகப் பண்ணை வைப்பவர்கள் மாட்டின் மூக்கையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் ஐ.பி.ஆர் நோய் விஷயத்தில் எங்கள் தலைமுறை இடறிய இடத்திலேயே இடறுகிறார்கள்.

சோதிக்காமலே ஊசி போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ஐ.பி.ஆரை உண்டாக்கும் போவைன் ஹெர்பிஸ்வைரஸ்-1, மூக்கிலிருந்து நரம்பு வழியே ஏறி முகத்து நரம்பான ட்ரைஜெமினலின் முடிச்சில் படுத்துக்கொள்ளும். ஆயுள் முழுக்க அங்கேதான். தடுப்பூசி காய்ச்சலையும் மூக்கொழுகலையும் தணிக்கும், வெளியேறும் வைரஸையும் குறைக்கும். ஏற்கெனவே படுத்திருப்பதை விரட்டாது. ஊசி போட்ட பிறகு புதிதாக ஒன்று வந்து படுப்பதையும் முழுசாகத் தடுக்காது.

சாதாரண தடுப்பூசி போட்டுவிட்டால், ரத்தத்தில் தெரியும் எதிர்ப்பொருள் ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. ஒரு பண்ணையில் நல்ல வம்சத்துக் காளைக்கன்றுக்கும் மந்தையோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். விந்து நிலையத்துக்குக் கொடுக்கப் போனால் ரத்தம் பாசிட்டிவ். “ஊசி போட்டதால்தான் சார்” என்று உரிமையாளர் அட்டையை நீட்டினார். இருக்கலாம், ஆனால் அதை நிரூபிப்பது யார்? காளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கறவை மாடுகளில் எது வைரஸைச் சுமக்கிறது என்பதும் அதோடு தெரியாமலே போனது.

முதலில் ரத்தம் எடுங்கள், அப்புறம் ஊசி. அதுவும் வைரஸின் உறையிலுள்ள ஜி-இ என்ற புரதத்தை நீக்கிச் செய்த மார்க்கர் தடுப்பூசியாக இருக்கட்டும். பின்னால் ஜி-இ எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா ரத்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், அந்த மாட்டுக்கு வெளி வைரஸ் தொற்றியிருக்கிறது என்று பிரித்துவிடலாம்.

ஸ்டீராய்டைத் தாராளமாகப் போடுவது

உறங்கும் வைரஸை எழுப்பிப் பார்க்க ஆய்வகங்களில் வேண்டுமென்றே போடுவதே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டுதான். கன்று ஈனுதல், நெடுந்தூர லாரிப் பயணம் இரண்டும்கூட எழுப்பும்.

கன்றின் ரத்தத்தை அப்படியே நம்புவது

சீம்பால் எதிர்ப்பொருள் இருக்கும்போதே தொற்றிய கன்று, பிற்பாடு நெகட்டிவ் காட்டிக்கொண்டே வைரஸைச் சுமக்கலாம். வாங்கும்போது தாய் மந்தையையும் விசாரியுங்கள்.

கோழிக்கு இது பொருந்தாது என்று நினைப்பது

பொருந்தும். மாரெக் என்பது கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் ஹெர்பிஸ்வைரஸ் நோய். அதன் தடுப்பூசி கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது.

கோமாரியோடு குழப்பிக்கொள்வது

கோமாரி வைரஸ் உறங்குவதில்லை. சில மாடுகளில், ஊசி போட்டவற்றிலும், 28 நாள் தாண்டியும் தொண்டையில் பெருகிக்கொண்டே தங்கிவிடும். அதற்குப் பார்க்க வேண்டியது வேறு சோதனை: வைரஸ் பெருகும்போது உண்டாகும் என்.எஸ்.பி புரதங்களுக்கான எதிர்ப்பொருள்.