குடும்ப ஆவணங்களை கிராம்ப்ஸில் ஏற்றுவது எப்படி: தாளில் தொடங்கி ஆளுக்கு வருவோம்

பழைய சான்றிதழ், கடிதம், போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று, பெரியவர்கள் சொன்னதையும் நோட்டில் எழுதியாயிற்று, அடுத்து என்ன என்று நிற்பவர்களுக்காக இது. ஸ்கேன் எடுப்பது, மென்பொருளை நிறுவுவது பற்றியெல்லாம் பேசப்போவதில்லை.

நான் சொல்லும் குடும்ப மர மென்பொருள் கிராம்ப்ஸ். 2001-இல் தொடங்கிய திட்டம், இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும். ஆன்லைன் மரங்கள் தேடுவதற்கு நல்லவை, ஆனால் மூலப்பிரதி என் கையில்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எக்செல் போதாதா என்றால், ஒருவருக்கு இரண்டு திருமணம், ஒரே பிறப்புக்கு இரண்டு தேதி என்று வந்தவுடனே அது திணறிவிடும்.

முதலில் படங்களின் இருப்பிடம்

கிராம்ப்ஸ் படத்தைத் தனக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். அதனால் ஒரு போட்டோவைக்கூடச் சேர்ப்பதற்கு முன்பே எல்லா ஸ்கேன்களையும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் கொண்டுவந்து, அமைப்புகளில் அதையே மீடியாவின் அடிப்படைப் பாதையாகக் கொடுத்துவிடுங்கள். படம் சேர்க்கும்போது சார்புப் பாதை என்ற டிக்கையும் போட மறக்காதீர்கள். நாளைக்குக் கணினி மாற்றினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

அடுத்து சோர்ஸ், சைட்டேஷன்

புதிதாக வருகிறவர்கள் நேராக ஆட்கள் பக்கத்தைத் திறந்து பெயர்களைத் தட்டத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் மரம் மளமளவென்று வளரும், ஆனால் இந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று பின்னால் யாராவது கேட்டால் பதில் இருக்காது. அதனால் ஒரு தாளைக் கையில் எடுங்கள், அந்தத் தாள் சொல்வதை மட்டும் முழுசாக ஏற்றுங்கள், பிறகு அடுத்த தாளுக்குப் போங்கள்.

இங்கேதான் சோர்ஸ் (ஆதாரம்), சைட்டேஷன் (அந்த ஆதாரத்தில் எந்த இடம் என்ற குறிப்பு) குழப்பம் வரும். ஒரு திருமணப் பதிவேடு இருக்கிறது என்று வையுங்கள். அதன் 112-ஆம் பக்கத்தில் தாத்தா பாட்டியின் திருமணம், 140-ஆம் பக்கத்தில் தாத்தாவின் தங்கை திருமணம். பதிவேடு ஒன்றுதான், அது சோர்ஸ். இரண்டு பக்கங்களும் இரண்டு சைட்டேஷன். இரண்டாவது பக்கத்தை ஏற்றும்போது கை தானாகக் கூட்டல் குறிக்குப் போகும். அதை அழுத்தினால் சைட்டேஷனோடு புதிய சோர்ஸும் சேர்ந்து உருவாகி, அதே பதிவேடு பட்டியலில் இரண்டு தரம் நிற்கும். பக்கத்திலேயே, ஏற்கெனவே உள்ளதைச் சேர்க்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்துங்கள். வரும் பட்டியலில் பதிவேட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதன் கீழ் புது சைட்டேஷன் திறக்கும், 140 என்று எழுதலாம். பதிவேட்டுக்குக் கீழே விரியும் 112-ஐத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பழைய சைட்டேஷனே இங்கும் ஒட்டிக்கொள்ளும். தாத்தா, பாட்டி இருவருக்கும் ஒரே பக்கம்தான் ஆதாரம் என்றால் அதுதான் வேண்டும், தங்கைக்கு அது வேண்டாம்.

சைட்டேஷனில் நம்பகத்தன்மை என்று ஐந்து படிகள் உண்டு. எல்லாவற்றையும் நடுவிலேயே விட்டுவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழில் இருக்கும் இறப்புத் தேதிக்கு உயர்ந்த படி கொடுக்கலாம், ஆனால் அதே தாளில் உள்ள வயது வேறு யாரோ நினைவிலிருந்து சொன்னது, அதற்குத் தாழ்ந்த படிதான். ஒரே பக்கத்துக்கு இரண்டு சைட்டேஷன் ஆகிறதே என்றால், ஆகட்டும். பெரியம்மா வாய்மொழியாகச் சொன்னதும் ஒரு சோர்ஸ்தான், என்றைக்குச் சொன்னார் என்பதை சைட்டேஷனில் போடுங்கள்.

நிகழ்வுகளும் தேதிகளும்

பிறந்த தேதி ஆவணத்துக்கு ஆவணம் மாறினால் ஒன்றை அழித்துவிட வேண்டாம். இரண்டு பிறப்பு நிகழ்வுகளாக ஏற்றுங்கள், பட்டியலில் மேலே இருப்பதையே கிராம்ப்ஸ் முதன்மையாக எடுத்துக்கொள்ளும், நீங்கள் நம்புவதை அம்புக்குறியால் மேலே தள்ளினால் சரி.

தேதிப் பெட்டியில் ரேஞ்ச், ஸ்பான் என்று இரண்டு வகை இருக்கும், பார்க்க ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. 1940-க்கும் 1945-க்கும் இடையில் ஏதோ ஒரு நாள் பிறந்தார் என்றால் ரேஞ்ச். 1940 முதல் 1945 வரை அந்த வேலையில் இருந்தார் என்றால் ஸ்பான். சுமார் என்று குறித்த தேதிகளை ஒப்பிடும்போது கிராம்ப்ஸ் முன்னிருப்பாக முன்னும் பின்னும் 50 ஆண்டுகள் விட்டுக்கொடுக்கும், எனக்கு அது ரொம்ப அதிகம், அமைப்புகளில் குறைத்துக்கொள்ளுங்கள்.

திருமணச் சாட்சிகளையும் விடாதீர்கள். அதே நிகழ்வில் சாட்சி என்ற பொறுப்பில் அவர்களைச் சேர்க்கலாம், யாரென்றே தெரியாத சாட்சி பிறகு உறவினராக வெளிப்படுவது உண்டு.

இடங்களில் ஊரை மாவட்டத்துக்குள்ளும் மாவட்டத்தை நாட்டுக்குள்ளும் அடுக்குங்கள். ஊர்ப் பெயர் மாறியிருந்தால் புது இடம் உருவாக்காமல், அதே இடத்துக்கு மாற்றுப்பெயராக ஆண்டோடு கொடுங்கள்.

பின்சேர்க்கை

குடும்பப்பெயரே இல்லாதவர்களை எப்படி ஏற்றுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்தப் பெட்டியைக் காலியாக விடலாம், தவறில்லை. அப்பா பெயர் பின்னால் வருகிறதென்றால் அதை அங்கே எழுதி, வகையில் தந்தைவழிப் பெயர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொருவர் தன் மரத்தை கெட்காம் (குடும்ப மர மென்பொருள்களுக்கிடையே தரவு பரிமாறும் பொது வடிவம்) கோப்பாக அனுப்பியதும் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டதாம். பெரும்பாலும் பழைய மென்பொருளின் வேலை. 1996-இல் வந்த கெட்காம் 5.5-இல் யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) கிடையாது, 1999-இன் 5.5.1 வரைவில்தான் அது வந்தது. கிராம்ப்ஸ் யூடிஎஃப்-8-இல்தான் எழுதுகிறது, பெறுகிற பக்கத்தைப் பாருங்கள். எப்படியிருந்தாலும் கெட்காமை பேக்கப்பாக நினைக்காதீர்கள், நிகழ்வில் சாட்சியாகச் சேர்த்தது போன்ற சில விவரங்கள் அதில் அப்படியே போய்ச் சேராது. பேக்கப்புக்கு கிராம்ப்ஸின் சொந்த எக்ஸ்எம்எல், படங்களும் சேர்ந்து வேண்டுமென்றால் அதன் பேக்கேஜ் வடிவம்.

உறவினர்களுக்கு அனுப்பும்போது ஏற்றுமதிச் சாளரத்தில் உயிரோடிருப்பவர்களின் விவரங்களை நீக்கும் வசதியை இயக்குங்கள். அனுப்புவதற்கு முன் புதிதாக ஒரு காலி மரம் திறந்து அந்தக் கோப்பை அதில் இறக்கிப் பாருங்கள், எதை நீக்கியது, யாரை விட்டுவிட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.