வீட்டுக்குள் நெட்: எங்கே வயர், எங்கே வைஃபை

நெட் மெதுவாக வந்தால் பலரும் முதலில் செய்வது பிளானை ஏற்றுவது. அதற்கு முன் ஒரு சோதனை போதும். லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி வேகம் பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக வேலை செய்யும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வைஃபையில் பாருங்கள். கேபிளில் கட்டிய காசுக்கான வேகம் வந்து, அறையில் கால்வாசிதான் வருகிறது என்றால் குறை சுவரில் இருக்கிறது. பிளானை எவ்வளவு ஏற்றினாலும் அந்த அறை தேறாது.

சென்னை மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் 9 அங்குலச் செங்கல் சுவர் சாதாரணம். புது அடுக்குமாடிகளில் சுவர் மெல்லியதுதான், ஆனால் தூண், பீம், தளம் எல்லாம் கம்பி கட்டிய கான்கிரீட். வீட்டு வைஃபை பெரும்பாலும் ஓடும் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல்லை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்கு அப்பால் நோஞ்சானாகிவிடும். தளம் தாண்டி மாடிக்கு ஏறுவது இரண்டுக்குமே கஷ்டம். போதாக்குறைக்கு 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் (அலைப் பாதைகள்) 1, 6, 11 என மூன்றே மூன்று. மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் அந்த மூன்றையே பங்கு போட்டுக்கொள்கின்றன.

காசு செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். இணைப்புக் கொடுக்க வருபவர் தன் வசதிக்கு வாசல் நிலைக்கு மேலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார். அன்றைக்கே கேட்டு, ஃபைபரை வீட்டின் நடுவில் உள்ள ஹால் சுவர்வரை இழுக்கச் சொல்லுங்கள். டிவி ஸ்டாண்டுக்குள்ளும், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி இவற்றுக்குப் பின்னாலும் ரவுட்டரை வைக்கக் கூடாது. இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும்.

அதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் வயர். இடம் மாறாத பொருளுக்கெல்லாம் வயர் கொடுங்கள்: மேசைக் கணினி, கேமரா ரெக்கார்டர், அலுவலக வேலை நடக்கும் மேசை. போனுக்கும் டேப்லெட்டுக்கும் வைஃபைதான். டிவி இரண்டுக்கும் நடுவில். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும்; 4கே படத்துக்கு 25 போதும் என்பதால் அது குறையே இல்லை. ரவுட்டர் அதே ஹாலில் இருந்தால் டிவிக்கென்று சுவரைக் கொத்த வேண்டாம்.

கேபிள் வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறார்கள். வீட்டுக்கு கேட் 6 தாராளம். 100 மீட்டர்வரை 1 ஜிபிபிஎஸ் தரும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கிலும் வாங்கலாம், 305 மீட்டர் பெட்டியாகவும் வாங்கலாம். முழுச் செம்பா என்று கேட்டுவிட்டு, ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும், கேமராவுக்கு அதிலேயே கரன்ட் அனுப்பினால் சூடாகும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சுவருக்குள் அதைப் புதைக்காதீர்கள்.

சுவரைக் கொத்துவதற்கு முன் பழைய டெலிபோன், கேபிள் டிவி பைப்புகளைத் தேடுங்கள். பல அடுக்குமாடிகளில் அவை சும்மாதான் கிடக்கின்றன. பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுக்கலாம்; பாதியில் சிக்கினால் பலவந்தம் வேண்டாம், மறுமுனையிலிருந்து வயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டுப் பாருங்கள். இழுப்பதே இழுக்கிறீர்கள், இரண்டாக இழுத்துவிடுங்கள். 25 மில்லிமீட்டர் பைப்பில் நான்கு கேபிள்வரை போகும். கரன்ட் வயர் ஓடும் பைப்பில் மட்டும் லேன் கேபிளைச் சேர்க்கவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் கையில் இருக்கும் லேப்டாப்வரை வந்துவிடும்.

கேபிள் முனையில் பிளக் கட்டும்போது எட்டு இழைகளின் வண்ண வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசைதான். இழை ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். எல்லாம் முடிந்தபின், 100-க்கு மேலான பிளானிலும் வேகம் 94-95 எம்பிபிஎஸ்ஸில் போய் முட்டிக்கொண்டு நின்றால் ஏதோ ஒரு இழை சரியாக அமரவில்லை என்று சந்தேகப்படுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு இழை போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கூடுதலான அந்த நான்கில் ஒன்று விட்டாலும் இணைப்பு பெரும்பாலும் தானாக 100-க்கு இறங்கிவிடும். முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

வைஃபை எட்டாத அறைக்கு வயர் போய்விட்டால், அதன் முனையில் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரையே மாட்டலாம். முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றுங்கள். பிரதான ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்தான் இந்த எண் பொருந்தும். பிறகு கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை நிறுத்துங்கள். கேபிளை வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றே, சானல் மட்டும் வேறு. டிஹெச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரவுட்டரும் முகவரி வழங்கத் தொடங்கும். சில போனில் நெட் வரும், சிலவற்றில் வராது, காரணமும் பிடிபடாது.

வாடகை வீட்டில் துளை போட ஓனர் சம்மதிக்காவிட்டால் சுவரோரம் ஒட்டும் கேசிங் இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் மெஷ் (வயரில்லாமல் ஒன்றுக்கொன்று சிக்னலைக் கடத்தும் வைஃபை பெட்டிகள்) வாங்குங்கள், ஆனால் இரண்டாவது பெட்டியை சிக்னல் இல்லாத அறைக்குள் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள். தனக்கே வராத சிக்னலை அது எப்படிப் பரப்பும்?

மொட்டை மாடி வழியாகவோ வெளிச்சுவரிலோ போக வேண்டியிருந்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள்தான். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் வெளியே ஓடும் செம்புக் கேபிள் இரு முனைக் கருவிகளையும் பலி கொடுக்கக்கூடும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோரத்தில் உப்புக்காற்று முனைகளைப் பச்சை பூக்க வைக்கும், ஆகவே தங்க முலாம் தடிமனாக உள்ள முனைகளைக் கேட்டு வாங்குங்கள்.

கரன்ட் போனாலும் நெட் வேண்டுமென்றால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், இடையில் உள்ள சுவிட்ச் மூன்றுக்கும் பேக்கப் தேவை. மினி யுபிஎஸ் வாங்கும்முன் ஒவ்வொரு அடாப்டரின் அடியிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 12 வோல்ட் கருவிகள்தான் அதிகம், ஆனால் சில சுவிட்ச்சுகள் 5 வோல்ட்.