ஸ்வரம் காதில் பிடிபட ஒரு துணை வேண்டும்

பாட்டு கற்பவர்கள் வாரத்தில் அரை மணி நேரமாவது சக மாணவர் ஒருவரோடு உட்காருங்கள். தனியாகச் சாதகம் செய்யும்போது அடுத்து என்ன ஸ்வரம் வரும் என்பது நமக்கு முன்பே தெரியும். காதுக்கு வேலையே இல்லை.

ஸ்ருதிப் பெட்டி (‘ஸ’வைத் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும் கருவி) ஓடட்டும். ஒருவர் ஸ்வரப் பெயரைச் சொல்லாமல் அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்று, ‘ஸ ரி க ப’ பாடி நிறுத்த வேண்டும். அது மோகன ராகமா, சிவரஞ்சனி ராகமா என்று மற்றவர் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் காந்தாரம் (‘க’) ஒன்றுதான் வித்தியாசம்: மோகனத்தில் அந்தரம், சிவரஞ்சனியில் அதைவிடச் சற்று இறங்கிய சாதாரணம். தப்பாகச் சொன்னால் விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். சொன்னவரையே இரண்டு காந்தாரத்தையும் மாற்றி மாற்றிப் பாடச் சொல்லுங்கள். அந்தச் சிறு இறக்கம் தொண்டையில் பட்டால்தான் காதில் நிற்கும். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இப்போது வேண்டாம்.

அப்புறம் சங்கராபரணம், கல்யாணி ராகங்களை இதே போல் செய்யுங்கள். மேளகர்த்தா எனும் தாய் ராகங்களின் அட்டவணையில் இவை 29, 65. வித்தியாசம் 36, மாறுவது மத்தியமம் (‘ம’) மட்டும். அந்த அட்டவணை அப்போது வெறும் மனப்பாடமாக இருக்காது.

கீபோர்டு இருந்தால் இதையும் செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் இடமிருந்து முதல் கட்டையை ஸட்ஜமாக (‘ஸ’) வைத்து, கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனம். அடுத்த கட்டையை ஸட்ஜமாக்கினால் மத்தியமாவதி, அதற்கடுத்தது ஹிந்தோளம். இப்படி ஸட்ஜத்தை மட்டும் இடம் மாற்றி வேறு ராகம் பெறுவதுதான் கிரக பேதம். ஒருவர் வாசிக்க, மற்றவர் திரும்பி உட்கார்ந்து ராகத்தைச் சொல்லட்டும். இதற்கு மட்டும் ஸ்ருதிப் பெட்டியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் காது பழைய ஸட்ஜத்தை விடாது.